சர்க்கரை என்றால் சரளைக்கல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே சொல்லைச் சுற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, சர்க்கரைக்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: தமிழில் சர்க்கரை, ஆங்கிலத்தில் ஷுகர், அரபியில் ஸுக்கர், ஜெர்மனில் ட்ஸுக்கர். இவ்வளவு ஒத்திருப்பது தற்செயலா? மூலச்சொல் எது, அதன் பொருள் என்ன?

தற்செயல் இல்லை. எல்லாம் ஒரே சொல்லின் பிள்ளைகள். மூலம் வடமொழியின் 'சர்க்கரா'. அதன் பழைய பொருளில் இனிப்பே கிடையாது. சரளைக்கல், பொடிக்கல், உடைந்த ஓட்டுச்சில் என்பவைதான் அதன் பொருள்கள். அதர்வ வேதம் இந்தச் சொல்லை மணலோடும் கல்லோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. பழைய மக்கள் பேச்சை ஒட்டிய பாலி மொழியில் 'ஸக்கரா' என்ற வடிவம் (நடுவில் வரும் ககரத்தை அழுத்தி மூச்சோடு சொல்ல வேண்டும்) சரளைக்கல்லுக்கும் உண்டு, சர்க்கரைக்கும் உண்டு.

கல்லைக் குறித்த சொல் எப்படித் தின்பண்டத்துக்கு வந்தது என்பதை அர்த்தசாஸ்திரத்தின் ஒரு வரி விளக்கிவிடுகிறது. கரும்புச் சாற்றிலிருந்து கிடைக்கும் பொருள்களை அது ஐந்தாகச் சொல்கிறது: பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகா, கண்டம், சர்க்கரா. பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையும் இதே வரிசையைத் தருகிறது. பின்னால் போகப் போகத் தூய்மை கூடும் என்கிறது. பெயர்களைக் கவனியுங்கள். பாணிதம் காய்ச்சிச் சுண்டிய பாகு. குடம் என்றால் உருண்டை. நம் மண்குடத்தோடு இதற்கு உறவில்லை, இந்தியில் 'குட்' என்று வழங்கும் வெல்லம் இதுதான். மத்ஸ்யண்டிகா என்ற பெயர் மீன் முட்டையை நினைவூட்டுவது, அதாவது நுண்ணிய மணிகள். கண்டம் துண்டு. சர்க்கரா சரளை. ஐந்தில் ஒன்றுகூடச் சுவையால் பெயர் பெறவில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் எப்படிப் பட்டதோ அதுவே பெயராகிவிட்டது.

இந்த வேறுபாடுகள் காய்ச்சும் முறையிலிருந்து வருபவை. 100 கிராம் நீர் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். 100 டிகிரியில் ஏறக்குறைய 490 கிராம் வரை கரைக்கும். சாற்றைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால், குளிர்ந்த நீர் தாங்க முடியாத பங்கு படிகமாகப் பிரிந்தே ஆக வேண்டும். விடாமல் கிளறினால் ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் படிகம் தொடங்கும். எதுவும் பெரிதாக வளராது, பொடிமணியாக நிற்கும். அசைக்காமல் மெல்ல ஆறவிட்டால் சில படிகங்களே தொடங்கிக் கட்டி கட்டியாக வளரும். சாறு பிழிந்து நெடுநேரம் கிடந்து புளித்தாலோ, சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறிக்காமல் காய்ச்சினாலோ சுக்ரோஸ் (நாம் தின்னும் சர்க்கரையின் வேதிப்பெயர்) உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். இவை எளிதில் படிகமாகாது. படிகமாக நினைக்கும் சுக்ரோஸையும் தடுக்கும். அப்போது கையில் மிஞ்சுவது பாகுதான். கொப்பரையில் எந்த நிலையில் வேலை நின்றதோ அந்த நிலைக்கு ஒரு பெயர். அவற்றுள் கடைசி நிலையின் பெயர்தான் உலகம் சுற்றியது.

கேள்வி: அந்தச் சொல் எந்த வழியாக ஐரோப்பா போனது? ஸ்பானிய மொழியில் மட்டும் 'அஸூகார்' என்று முன்னால் ஓர் 'அ' ஏன்?

ஒரு வழி அல்ல, இரண்டு. காலத்திலும் ஒலியிலும் அவை வேறு வேறு.

முதலாவது கிரேக்க வழி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீக்கள் இல்லாமலே தேன் தரும் நாணல்களைப் பற்றிச் சொன்னதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். அங்கே கரும்பு இருக்கிறது, சர்க்கரையின் பெயர் இல்லை. பெயர் கி.பி. முதல் நூற்றாண்டில் வருகிறது. மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் 'சாக்கரோன்' என்ற பொருளை உப்பைப் போல் உறைந்தது, பல்லில் நொறுங்குவது என்கிறார். அதே நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, அது அரேபியாவிலும் கிடைக்கிறது, ஆனால் இந்தியாவினுடையதே மேல், மருந்துக்கு மட்டுமே பயன்படுகிறது என்று குறிக்கிறார். கிரேக்க எழுத்தில் இந்தச் சொல்லின் நடுவே மூச்சோடு கூடிய ககரம் இருக்கிறது. அது வடமொழி வடிவத்தில் இல்லை. பாலி வடிவத்தில் இருக்கிறது. அப்படியானால் கிரேக்கர் காதில் விழுந்தது பண்டிதரின் உச்சரிப்பு அல்ல, மக்கள் பேச்சு. இந்தக் கிளையிலிருந்துதான் லத்தீனின் 'சக்காரம்', ரஷ்ய மொழியின் 'ஸாஹர்', இன்றைய கிரேக்கத்தின் 'ஸாஹரி' எல்லாம் வந்தன.

இரண்டாவது பாரசீக – அரபு வழி. பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'ஸுக்கர்'. கரும்பு விவசாயத்தை நடுநிலக் கடலின் மேற்குக் கரை வரை கொண்டுபோனவர்கள் அரபு பேசியவர்கள். சிசிலியிலிருந்தும் அரபு வணிகத்திலிருந்தும் இத்தாலியர் எடுத்துக்கொண்டது 'த்ஸூக்கெரோ'. அங்கிருந்து பிரெஞ்சில் 'ஸூக்ர்', ஜெர்மனில் 'ட்ஸுக்கர்', போலிஷில் 'ட்ஸுகியெர்', ஹங்கேரியனில் 'ட்ஸுகோர்'. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது. துருக்கியின் 'ஷெகெர்' நேரே பாரசீகத்திலிருந்து போனது. சுவாஹிலியின் 'ஸுகாரி' அரபியிலிருந்து போனது.

இப்போது அந்த 'அ'. அரபியில் பெயருக்கு முன் 'அல்' என்ற சுட்டு வரும். ஸகரம் போன்ற ஒலிகளுக்கு முன் அதன் லகரம் அடுத்த ஒலியாகவே மாறிவிடும். எனவே 'அல் + ஸுக்கர்' என்பது 'அஸ்ஸுக்கர்'. அரபு பேசியவர்களே நூற்றாண்டுக் கணக்கில் குடியிருந்து கரும்பு பயிரிட்ட ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும், அக்கம்பக்கத்தார் வாயில் கேட்டபடி சுட்டோடு சேர்த்தே சொல்லை வாங்கிக்கொண்டார்கள். இத்தாலிய வழியில் சுட்டு கழன்றுவிட்டது. பருத்திக்கும் இதே கதி: ஸ்பானியத்தில் 'அல்கொதோன்', இத்தாலியனில் 'கொத்தோனே'. பிறகு ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸில் அந்த 'அ' ஒட்டிக்கொண்டே போய் 'அசுகால்' ஆனது. ஒரு நாட்டின் சொல்லில் அரபுச் சுட்டு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே, அங்கே பொருள் வந்த பாதையைப் பாதி ஊகித்துவிடலாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லை ஏன் 'ஷ' என்று உச்சரிக்கிறார்கள்? பாரசீக 'ஷகர்' நேரடியாக வந்ததா?

இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது ஸகரம்தான். ஆங்கிலத்தில் அந்த முதல் உயிர் 'இயூ' போல ஒலித்தது: ஸ்யூகர். 'ஸ்ய்' சேர்ந்து ஒலித்தால் நாக்கு 'ஷ' நோக்கி நழுவும்; நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள். உறுதி என்று பொருள்படும் 'ஷூர்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் இதுவே நடந்தது. எழுத்து பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. பாரசீக 'ஷ' ஒலியோடு ஒத்துப்போவது வெறும் ஒப்புமை.

கேள்வி: வெல்லம் சேர்த்துச் செய்வதைச் சர்க்கரைப் பொங்கல் என்கிறோம். மலையாளிகள் வெல்லத்தையே சர்க்கர என்கிறார்கள். எது சரியான பொருள்?

இரண்டும் சரி. அதைவிட, பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தப் பொங்கலும் மலையாளமும்தான். ஆலையில் வெளுத்த வெள்ளைச் சர்க்கரை பரவியது அண்மைக் காலத்தில். அதற்கு முன் சர்க்கரை என்றால் பழுப்பாக இருந்த கட்டியும் பொடியும். வெள்ளைப் பொருள் வந்தபோது ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு ஏற்பாடு செய்துகொண்டது. கன்னடம் 'சக்கரெ'யை வெள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெல்லத்துக்கு 'பெல்ல' என்பதை வைத்துக்கொண்டது. மலையாளம் வெல்லத்துக்குச் 'சர்க்கர'யை வைத்துக்கொண்டு வெள்ளைக்குப் 'பஞ்சசார' என்றது. இந்தியில் 'ஷக்கர்' பெரும்பாலும் பழுப்புப் பொடி, 'சீனி' வெள்ளை. மராத்தியில் 'ஸாகர்' வெள்ளைச் சர்க்கரை; அதே சொல்லின் குஜராத்தி வடிவமான 'ஸாகர்' கற்கண்டு. சிங்களத்தில் ஸகரம் ஹகரமாகத் திரிவது வழக்கம். அங்கே இந்தச் சொல் 'ஹகுரு' ஆகி வெல்லத்தைக் குறிக்கிறது, வெள்ளைக்கு 'ஸீனி'. தமிழில் வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும். ஆகவே பழைய சமையல் குறிப்பிலோ மருந்துக் குறிப்பிலோ 'சர்க்கரை' என்று கண்டால் வெள்ளைச் சர்க்கரையை அளந்துவிடாதீர்கள். எழுதியவரின் ஊரையும் காலத்தையும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

இந்தி 'ஷக்கர்' பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்த மண்ணிலேயே இருந்து வழிவழியாக மாறியிருந்தால் அது ஸகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும், மராத்தியைப் போல. ஷகரம் பாரசீகத்தின் அடையாளம். வெளியே போன சொல் பாரசீக உடுப்போடு வீடு திரும்பியிருக்கிறது.

ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு உள்ள 'ஜாகரி'யும் இதே குடும்பம்தான். மலையாளத்தில் முதல் ஒலி இறுகிச் 'சக்கர' என்று ஆனதைப் போர்த்துக்கீசியர் 'ஜாகரா' என்று வாங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குப் போனது. ஷுகர் பிரெஞ்சு வழியாக, சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் பெயர் கிரேக்கம் – லத்தீன் வழியாக, ஜாகரி போர்த்துக்கீசியம் வழியாக. ஒரே மூலம் மூன்று வாசல்களில் நுழைந்து, ஒரே மொழியில் மூன்று பொருள்களுக்குப் பெயராகிவிட்டது.

கேள்வி: அக்கார அடிசில் என்பதில் உள்ள 'அக்காரம்' தமிழ்ச்சொல்லா? அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நாலடியாரில் 'அக்காரம் யாவரே தின்னினும் கையாதாம்' என்று வருகிறது: வெல்லக்கட்டியை யார் தின்றாலும் கசக்காது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் அக்கார அடிசில் வருகிறது. சர்க்கரை, அக்காரம் இரண்டும் ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு காலங்களில் வாங்கியதன் விளைவு.

சகரம் எங்கே போனது என்று கேட்கலாம். பரவலாக வழங்கும் பாடத்தின்படி, அகரத்தோடு சேர்ந்த சகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. பழைய தமிழ் அப்படி வந்த சொற்களின் தலையை நீக்கியே ஏற்றுக்கொண்டது. சிரமணர் அமணர் ஆனார்கள். சிராவணம் ஆவணி ஆனது. சகஸ்ரம் என்ற எண்ணுப்பெயர் பிராகிருதத்தில் (வடமொழிக்கு உறவான பழைய மக்கள் பேச்சில்) தேய்ந்து தமிழில் ஆயிரம் ஆனது என்பதே மொழியியலார் பலரின் முடிவு. பிராகிருதத்தில் 'ர்க்' என்ற கூட்டம் 'க்க்' ஆகிவிடும். அந்த 'ஸக்கரா' தலை இழந்தால் கிடைப்பது அக்காரம். இத்தனை சொற்களில் ஒரே மாற்றம் ஒரே இடத்தில் நடப்பதுதான் இங்கே சான்று. ஒரு சொல்லை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருந்தால் நம்பத் தேவையில்லை. பிற்காலத்தில் வடமொழிச் சொற்களைச் சகரத்தோடே வாங்கும் பழக்கம் வந்தபின் அதே சொல் சருக்கரை, சர்க்கரை என்று மீண்டும் உள்ளே வந்தது. 'ர்' அப்படியே இருப்பதால் இது பிராகிருத வழி அல்ல, வடமொழி வழி என்பதும் தெரிகிறது.

தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: அயிர். தமிழ் அகராதி அதற்கு நுண்மணல் என்றும் கண்டசருக்கரை என்றும் பொருள் தருகிறது. வடமொழியில் சரளைக்கும் சர்க்கரைக்கும் ஒரு பெயர் இருப்பது போலவே, தமிழில் மணலுக்கும் சர்க்கரைக்கும் ஒரு பெயர். இந்தச் சொல் வழக்கிலிருந்து போய்விட்டது பெரிய இழப்பு.

கேள்வி: சீனி, மிசிரி, அஸ்கா. இவை எல்லாம் ஊர்ப் பெயர்களா?

ஆம், மூன்றும். சீனி என்றால் சீனத்துக்குரியது. பீங்கானை இந்தியில் 'சீனி மிட்டி' என்பதும் இதே சீனி. மிசிரி என்பது கற்கண்டு, சொல்லின் பொருள் எகிப்துக்குரியது. அரபியில் எகிப்தின் பெயர் 'மிஸ்ர்'. இடைக்காலத்தில் சர்க்கரை வெளுப்பதில் எகிப்து பேர்பெற்ற நாடு. அஸ்கா ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர். அங்கிருந்த ஆலையின் வெள்ளைச் சர்க்கரை அந்தப் பெயரிலேயே தமிழ்நாட்டில் விற்றது. முதலில் உருவத்தால் பெயர் பெற்ற பொருள், வணிகம் பெருகியபின் செய்த இடத்தால் பெயர் பெற்றிருக்கிறது. ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்: சீனக்காரம் என்பது படிகாரம். அதில் சீனம் உண்டு, இனிப்பு இல்லை.

கேள்வி: ஆங்கிலக் 'கேண்டி' நம் கற்கண்டிலிருந்து போனதா? கிரீட் தீவில் உள்ள கேண்டியா நகரத்தின் பெயர் என்றும் படித்தேன்.

கேண்டியாவை முதலில் விலக்கிவிடுவோம். அது இன்றைய ஹெராக்லியோன். 9ஆம் நூற்றாண்டில் அரபியர் அங்கே அகழி சூழ்ந்த கோட்டை கட்டினார்கள். அகழிக்கு அரபியில் 'கந்தக்'. அது கிரேக்கர் வாயில் 'ஹாந்தக்ஸ்', வெனிஸ்காரர் வாயில் 'கேண்டியா'. இனிப்போடு சம்பந்தமில்லை.

மெய்யான வழி இது: வடமொழிக் 'கண்டம்', பாரசீகத்தில் 'கந்த்', அரபியில் 'கந்தி' (கண்டச் சர்க்கரையாலானது), பிரெஞ்சில் 'ஸூக்ர் காந்தி', ஆங்கிலத்தில் 'ஷுகர் கேண்டி', பிறகு வெறும் 'கேண்டி'. தொடக்கத்தில் அது பெயரடைதான். 'படிகமாக்கிய சர்க்கரை' என்ற தொடரில் பெயர்ச்சொல் உதிர்ந்து பெயரடை மட்டும் நின்று, கடைசியில் எல்லா மிட்டாய்க்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

கற்கண்டு என்பது கல் + கண்டு. இந்தக் 'கண்டு' வடமொழிக் கண்டத்தின் தமிழ் வடிவம் என்பது ஒரு கருத்து. நூற்கண்டு என்பதில் உள்ள, திரண்டு உருண்டதைக் குறிக்கும் தமிழ்க் கண்டுதான் இது, வடமொழிச் சொல்லுக்கே அடியில் திராவிட வேர் இருக்கிறது என்பது இன்னொரு கருத்து. இரண்டாவதை உடனே ஆமென்று சொல்லத் தமிழ் மனம் விரும்பும். ஆனால் ஆங்கிலத்துக்குப் போன வழியில் பாரசீகமும் அரபியும் நிற்பதில் மாற்றமில்லை. 'கற்கண்டு' என்ற கூட்டுச்சொல் கப்பலேறிப் போகவில்லை. அதன் தலைப்பகுதியான 'கல்' எந்த வெளிமொழியிலும் தடம் விடவில்லை.

ஒலி ஒத்து ஏமாற்றுபவை இன்னும் இரண்டு. பழைய வணிகக் கணக்குகளில் வரும் 'கண்டி' ஓர் எடை. சென்னை அளவில் 20 மணங்கு, அதாவது 500 பவுண்டு. இலங்கையின் கண்டி நகரம் மலை என்று பொருள்படும் சிங்களக் 'கந்த'விலிருந்து வந்தது.

கேள்வி: இந்தச் சொல்லை வாங்காத மொழிகளே இல்லையா?

நிறைய உண்டு, அவை சொல்லும் செய்தி வேறு. தாய்லாந்து மொழியில் சர்க்கரைக்கு 'நாம் தான்': நாம் என்றால் நீர், தான் என்றால் பனை. கரும்புக்கு முன் அங்கே பனஞ்சாறு இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. மலாயிலும் இந்தோனேசியத்திலும் 'குலா'. இது உருண்டை என்ற 'குட'த்தின் வழி. அங்கே நம் ஐந்து பெயர்களில் இரண்டாவது போயிருக்கிறது, ஐந்தாவது அல்ல. சீனத்தில் 'ஷா தாங்': ஷா என்றால் மணல், தாங் என்றால் இனிப்பு. ஜப்பானியர் அதே எழுத்துகளை 'ஸதோ' என்று படிக்கிறார்கள். டாங் பேரரசர் தைசோங் 647ஆம் ஆண்டில் சர்க்கரை காய்ச்சும் முறையை அறிந்துவர மகத நாட்டுக்கு ஆளனுப்பினார் என்று சீன வரலாற்று நூல் குறிக்கிறது. பழைய சீனத்தில் கட்டிச் சர்க்கரைக்கு 'ஷி மி', கல் தேன், என்ற பெயரும் இருந்தது. அந்த 'மி' சீனச் சொல்லே அல்ல. நடு ஆசியாவின் தொகாரிய மொழியிலிருந்து வாங்கியது. வடமொழி 'மது'வுக்கும் ஆங்கிலத்தில் தேன்கள்ளைக் குறிக்கும் 'மீட்' என்பதற்கும் உறவு.

கரும்பின் பெயர்கள் தனிக் கதை. கரும்பை முதலில் வளர்த்தெடுத்தது நியூ கினி. கடலோடிகளோடு அது தீவு தீவாகப் போனது. மலாயில் 'தெபு', ஹவாய் மொழியில் 'கோ' என்பவை ஒரே மூலச்சொல்லின் வடிவங்கள். தமிழில் கரும்பு, மலையாளத்தில் கரிம்பு, கன்னடத்தில் கப்பு. தெலுங்கில் மட்டும் செருகு. வடமொழியில் 'இக்ஷு'. அதியமானின் முன்னோர் பெறற்கரிய கரும்பை இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் பாடுகிறார். கரும்பு வேரூன்றிய இடத்திலெல்லாம் அதற்கு உள்ளூர்ப் பெயர். காய்ச்சிய சர்க்கரைக்கோ பெரும்பாலும் வந்த பெயர். செடி பதியனாகப் போனது, தொழில்நுட்பம் பெயரோடு போனது.

கேள்வி: 'சுகம் தருவதால் சுகர்', 'சக்கரம் போல வட்டமாக வார்த்ததால் சக்கரை' என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. இவை சரியா என்று நாங்களே சோதிப்பது எப்படி?

இரண்டுமே தவறு. சோதிக்கும் முறையைச் சொல்கிறோம். எந்தச் சொல்லுக்கும் இது பயன்படும்.

முதலில் இன்றைய வடிவத்தை நம்பாமல், கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். ஆங்கிலச் சொல்லில் உள்ள 'க'வின் மெல்லொலி பிற்காலத்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அரபியிலும் வல்லொலிதான். 'சுகம்' என்று நாம் மெலிதாகச் சொல்வதோடு ஒத்துப்போவது ஆங்கிலத்தின் இன்றைய வடிவம் மட்டுமே. சுற்றியுள்ள மொழிகளில் தேறாத ஒப்புமை ஒப்புமை அல்ல.

அடுத்து, ஒவ்வோர் ஒலிக்கும் கணக்குக் கேளுங்கள். வட இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வரை எல்லா வடிவங்களிலும் ககரத்துக்குப் பின் ஒரு ரகரம் இருக்கிறது. 'சுகம்' அதை எங்கிருந்து கொடுக்கும்? 'சக்கர'த்தில் இடறுவது முதலெழுத்து. தமிழ் எழுத்தில் ஒரே 'ச' மூன்று நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. அதனால்தான் இந்த மயக்கம். வடமொழியில் வண்டிச் சக்கரத்தின் முதலொலி 'ச்ச' என்று அழுந்தி ஒலிப்பது. சர்க்கராவின் முதலொலி ஷகரத்துக்கு நெருங்கியது. இரண்டும் வேறு எழுத்துகள். ரகரமும் இடம் மாறி நிற்கிறது: சர்க்கராவில் ககரத்துக்கு முன்னாலும் ஒன்று உண்டு. தமிழில் சகரத்தில் தொடங்கும் எந்தச் சொல்லின் மூலத்தை ஆராய்ந்தாலும், தேவநாகரியிலோ மலையாள எழுத்திலோ எப்படி எழுதுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இங்கே மலையாளத்தின் 'சக்கர' உங்களைக் குழப்பும். அது இறுகிப்போன பேச்சு வடிவம், 'சர்க்கர' என்பதே மூலத்துக்கு அருகில் இருப்பது.

மூன்றாவது, காலம். மகன் தந்தைக்கு முன் பிறக்க முடியாது. வட்டமாக வார்த்த கட்டியால் பெயர் வந்தது என்றால், இனிப்பே இல்லாத சரளைக்கல் பொருளில் அந்தச் சொல் அதற்கு முன்பே வழங்கியதை எப்படி விளக்குவது?

நான்காவது, பாதை. பொருள் எந்த ஊர்கள் வழியாகப் போனதோ அந்த ஊர்களின் மொழிகளில் சொல்லின் அடிச்சுவடு இருக்க வேண்டும். இடையில் உள்ள பாரசீகமும் அரபியும் மௌனமாக இருக்கையில் ஒரு சொல் தாவிக் குதித்து லண்டனில் இறங்காது.

பொருள் பொருத்தத்தைக் கடைசியில் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பொருள் அழகாகப் பொருந்துகிறது என்று தொடங்கி, ஒலியை அதற்கேற்ப வளைக்கிறார்கள். இனிப்புக்கும் சுகத்துக்கும் பொருத்தம் கற்பிப்பது யாருக்கும் எளிது. சரளைக்கல்லுக்கும் இனிப்புக்கும் பொருத்தம் யாருக்கும் தோன்றாது. ஆனால் ஒலி, காலம், பாதை மூன்றும் தேறிய மூலம் அதுதான்.

கேள்வி: பழைய ஆயுர்வேத நூல் ஒன்றில் சிறுநீர் நோய்ப் பகுதியில் 'சர்க்கரை' என்று வருகிறது. நீரிழிவைத்தான் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. சுசுருத சம்ஹிதையில் சிறுநீர்க் கல்லான 'அசுமரி' பொடிப்பொடியாக உடைந்து வெளிப்படுவதற்குச் 'சர்க்கரா' என்று பெயர். பழைய சரளைக்கல் பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. இனிப்பு நீர் போகும் நோய்க்கு அந்நூல்களில் 'மதுமேகம்', தேன் நீர். மேலை மருத்துவத்தின் 'டயாபடீஸ் மெலிட்டஸ்' என்பதிலும் தேன்தான் உண்டு: மெலிட்டஸ் என்றால் லத்தீனில் தேன் கலந்தது. அந்த இனிப்புக்குக் காரணம் சர்க்கரைதான் என்று ஆங்கில மருத்துவர் மேத்யூ டாப்சன் காட்டியது 1776இல். நோய்க்குச் சர்க்கரை என்ற பெயர் தமிழில் வந்தது அதற்குப் பிந்தியது. பழைய நூலை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் கல்லடைப்பு மருந்து நீரிழிவு மருந்தாகிவிடும்.

கேள்வி: சாக்கரின், சுக்ரோஸ் இரண்டும் ஒரே வேரா?

ஒரே வேர், வேறு கிளை. 1857இல் அமைந்த 'சுக்ரோஸ்' பிரெஞ்சு 'ஸூக்ர்' மீது கட்டியது, அரபு வழி. 1879இல் கண்டறிந்த 'சாக்கரின்' லத்தீன் வழி. அது வேதியியலில் சர்க்கரையே அல்ல, இனிப்பதால் பெற்ற பெயர். கரும்புக்கு 1753இல் தாவரவியலார் லின்னேயஸ் வைத்த பெயர் 'சக்காரம் அஃபிசினாரம்'. இரண்டாம் சொல்லுக்கு மருந்துக்கடைகளுக்குரியது என்று பொருள். பிளினி காலத்து மருந்துப் பயன் அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: 'சீர்சக்கர்' என்ற துணிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. பாரசீகத்தில் 'ஷீர் ஒ ஷகர்' என்றால் பாலும் சர்க்கரையும். ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை சுருங்கிச் சொரசொரப்பாகவும் வரும்படி நெய்யும் துணி அது. நெய்யும்போது ஒரு வரிசைப் பாவு நூலை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் விடுவார்கள். தளர்ந்த நூல் சுருங்கிப் புடைக்கும். தடவினால் பால் போல ஒரு பட்டை, சர்க்கரை போல ஒரு பட்டை. இந்தியாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது 'சீர்சக்கர்' ஆனது. துணிக்குப் பெயர் வைத்தவர் விரலுக்கும் சர்க்கரை என்றால் சொரசொரப்புதான்.